கறுப்பு முத்தின் காலப்பிரமாணம்

நான் முதன்முதலாகக் கேட்ட பாக், அரைக் கட்டை இறங்கிய பாக்.

கனடாவின் பியானோ மேதை கிளென் கூல்ட் 1981இல் பதிவுசெய்த ‘கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ்’ கேசட் அது. நண்பர் ஒருவர் கொடுத்தார். எங்கள் வீட்டு டேப் ரிக்கார்டரின் மோட்டார் தளர்ந்து கிடந்தது. அது தெரியாமலே இரண்டு வருடம் அந்தக் கேசட்டை ஓடவிட்டுக் கேட்டேன். அதிலும் 25ஆவது வேரியேஷனை, இரவு விளக்கணைத்த பிறகு, ஒரு சடங்குபோலக் கேட்பேன். உலகத்தில் அதைவிட மெதுவான, அதைவிட இருண்ட இசை கிடையாது என்று அப்போது உறுதியாக நம்பினேன்.

ஹார்மோனியம் வாசிக்கும் சித்தப்பா ஒருநாள் வீட்டுக்கு வந்திருந்தார். கேசட் ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

“இது எந்தச் சுருதியில எழுதினது?”

“ஜி, சித்தப்பா.”

பெட்டியைத் திறந்து, துருத்தியை மெல்ல அசைத்து ஒரு கட்டையை அழுத்திப் பார்த்தார். பக்கத்துக் கறுப்புக் கட்டைக்கு விரலை மாற்றினார். ஒட்டிக்கொண்டது.

“ஜின்னா அஞ்சு கட்டை. இது நாலரையில ஓடுதுப்பா. உன் மெஷின் இழுக்குது.”

நாடாப் பதிவில் சுருதியும் காலப்பிரமாணமும் பிரிக்க முடியாத இரட்டையர்கள். நாடா மெதுவாக ஓடினால் சுருதி இறங்கும்; இறங்கும் அளவுக்கு நேரமும் நீளும். அரைக் கட்டை இறங்கினால் வேகம் ஏறக்குறைய 6 சதவீதம் குறைந்திருக்கிறது என்று பொருள். கூல்ட் 6 நிமிடம் சொச்சத்தில் வாசித்து முடித்த அந்த வேரியேஷனை நான் ஏறத்தாழ ஆறரை நிமிடம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். அவர் தொட்டது ஜி மைனர். எனக்குக் கேட்டது எஃப் ஷார்ப் மைனர். நான் உருகி உருகிக் கேட்ட அந்தத் துயரம் பாக் எழுதியதா, கூல்ட் வாசித்ததா, இல்லை ஒரு மோட்டாரின் தளர்ச்சியா? அந்தக் கேள்வி என்னை விட்டுப் போகவே இல்லை. பதில் தேடித்தான் இந்த இசையை நெருங்கிப் படித்தேன்.

*

யோஹான் செபாஸ்டியன் பாக் இதை 1741இல் நியூரம்பெர்க்கில் அச்சிட்டு வெளியிட்டார். இரண்டு கட்டை வரிசைகள் கொண்ட ஹார்ப்சிகார்டுக்காக எழுதியது. தூக்கமின்மையால் அவதிப்பட்ட கைசர்லிங் பிரபுவுக்காக, அவரிடம் இருந்த இளம் கலைஞன் கோல்ட்பெர்க் இரவில் வாசிப்பதற்கென்று பாக் இதைச் செய்துகொடுத்தார் என்று, பாக்கின் முதல் வரலாற்றாசிரியர் ஃபோர்க்கெல் 1802இல் எழுதிவைத்தார். பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. ஆனால் அச்சுப் பிரதியில் பிரபுவுக்குச் சமர்ப்பணம் ஏதும் இல்லை. அப்போது கோல்ட்பெர்க்குக்கு வயது 14. கதையை அறிஞர்கள் சந்தேகிப்பதற்குக் காரணம் இருக்கிறது.

கட்டமைப்பு மிகத் தெளிவானது. முதலில் 32 ஆவர்த்தனங்கள் கொண்ட ஓர் ஆரியா. மூன்றடித் தாளத்தில், சாரபாந்த் என்ற பழைய மெது நடனத்தின் நடையில் செல்வது. பிறகு 30 வேரியேஷன்கள். கடைசியில் அதே ஆரியா மறுபடியும். மெட்டை எடுத்துக்கொண்டு மாற்றிப் பாடுவதல்ல இங்கே நடப்பது. ஆரியாவின் அடிக்குரல் போகும் வழியும், அந்த வழியில் வரும் சுரக்கூட்டுகளும்தான் எல்லா வேரியேஷன்களுக்கும் தரை. மேலே கட்டிடம் ஒவ்வொரு முறையும் புதிது. மூன்றில் ஒன்று கேனன்: ஒரு குரல் சொன்னதை இன்னொரு குரல் சற்றுத் தள்ளி அப்படியே பின்தொடரும். அந்தப் பின்தொடரும் குரல் முதல் கேனனில் அதே சுரத்தில் தொடங்கும். அடுத்ததில் ஒரு படி மேலே. இப்படி ஒன்பதாவது இடைவெளிவரை ஏறும்.

இவ்வளவு கணக்கும் செவிக்குத் தெரியாமல் அடியில் கிடக்கிறது. செவிக்குத் தெரிவது வெளிச்சம்தான். ஜி மேஜரின் வெளிச்சம். 30 வேரியேஷன்களில் 27 அந்த வெளிச்சத்தில்தான் நடக்கின்றன. 15, 21, 25 ஆகிய மூன்று மட்டும் ஜி மைனர்.

நம் சங்கீதத்தில் பழகிய காதுக்கு இந்த மாற்றத்தைச் சொல்வது எளிது. ஆதார ஷட்ஜம் நகரவில்லை. அந்தர காந்தாரம் இருந்த இடத்தில் சாதாரண காந்தாரம் வந்து உட்காருகிறது. வீடு அதேதான், ஜன்னலைச் சாத்தியாயிற்று. வேறு ஊருக்குப் போய்விட்ட உணர்வு இல்லை. அதே அறையில் சாயங்காலம் கவிந்துவிட்டது.

மைனர் என்றாலே சோகம் என்று ஒரு சூத்திரம் பரவலாக இருக்கிறது. பாக் காலத்துக் காதுகள் அப்படிக் கேட்கவில்லை. யோஹான் மத்தேசன் என்ற ஹாம்புர்க் இசையறிஞர் 1713இல் சுருதிகளுக்குக் குணங்கள் எழுதினார். ஜி மைனரை, எல்லாச் சுருதிகளிலும் ஏறக்குறைய மிக அழகானது என்றார். கம்பீரமும் இனிமையும் அதில் கலந்திருக்கின்றன என்பது அவர் கணிப்பு. ஆக, ஜி மைனரில் எழுதிவிட்டதால் மட்டும் துயரம் வந்துவிடாது. பாக்கே அதற்குச் சாட்சி. 15ஆவது வேரியேஷனில் ஏக்கம் இருக்கிறது. கடைசியில் மேல்குரல் தனியாக ஏறிப்போய், பதில் வராத கேள்விபோல உயரத்தில் நின்றுவிடும். 21ஆவதில் ஒரு நிதானமான கனம். இரண்டுமே அழவைப்பதில்லை. அழவைப்பது 25.

*

ஹார்ப்சிகார்ட் கலைஞர் வாண்டா லாண்டோவ்ஸ்கா இந்த 25ஆவது வேரியேஷனைக் கறுப்பு முத்து என்று அழைத்தார் என்பார்கள். மாலையின் நடுவில் கோத்த ஒற்றைக் கறுப்பு முத்து. அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

அருகில் போய்ப் பார்ப்போம். இதை இரண்டு கட்டை வரிசைகளில் வாசிக்கச் சொல்கிறார் பாக். வலக்கை ஒரு வரிசையில் தனியாகப் பாடுகிறது; இடக்கை இன்னொரு வரிசையில் இரண்டு குரல்களாக உடன் நடக்கிறது. இடக்கையின் அடிக்குரல் என்ன செய்கிறது என்று கவனியுங்கள். ஆரியாவில் கம்பீரமாகப் படியிறங்கிய அதே அடிக்குரல்தான். இங்கே ஒவ்வொரு படிக்கும் நடுவில் இன்னொரு அரைப்படி முளைத்திருக்கிறது. பக்கத்துப் பக்கத்துக் கட்டைகளாக, வெள்ளை, கறுப்பு எதையும் தாண்டாமல் இறங்குகிறது. ஐரோப்பிய பரோக் இசையில் புலம்பலுக்கென்றே இருந்த வழி இது. ஓபராவில் நாயகி சாகும் காட்சிகளில் கேட்கும் இறக்கம்.

வலக்கை அதற்கு எதிர். அது இறங்கமாட்டேன் என்கிறது. எட்டாத உயரத்துக்கு ஒரே தாவலில் எழும்புகிறது, எழும்பிய இடத்தில் நிற்க முடியாமல் சிறுசிறு அலங்காரங்களோடு வழுக்குகிறது, மறுபடி தாவுகிறது. தரை இறங்கிக்கொண்டே போக, அதன்மேல் நிற்பவர் எழும்பப் பார்க்கிறார். நடுவில் சுரக்கூட்டுகள் ஜி மைனரை விட்டு வெகுதூரம் விலகி, இருட்டில் கை துழாவுவதுபோல் அலைந்து, நாம் திரும்பமாட்டோம் என்று நினைக்கும் நேரத்தில் வீட்டு வாசலில் வந்து நிற்கின்றன.

வேகம்? அச்சுப் பிரதியில் இந்த வேரியேஷனுக்கு எந்தக் குறிப்பும் இல்லை. 1970களின் நடுவில் ஸ்ட்ராஸ்பூர்கில் பாக்கின் சொந்தப் பிரதி வெளிப்பட்டது. பாக் தன் கையால் திருத்தங்கள் எழுதிவைத்திருந்த பிரதி. அதில் 25ஆவதின் தலையில் ‘அடாஜியோ’ என்ற ஒரு சொல் இருந்தது. நிதானமாக, ஆறுதலாக என்று பொருள். எவ்வளவு நிதானம் என்று எந்தச் சொல்லும் சொல்லிவிடாது. அது வாசிப்பவரின் மனசாட்சிக்கு விட்ட விஷயம்.

*

கூல்ட் இதை ஸ்டுடியோவில் இரண்டு முறை பதிவுசெய்தார். இரண்டும் நியூயார்க்கின் 30ஆவது தெருவில், பழைய தேவாலயம் ஒன்றை மாற்றி அமைத்த கொலம்பியா நிறுவனத்தின் ஸ்டுடியோவில். முதல் பதிவு 1955 ஜூன் மாதம். அவருக்கு வயது 22. தந்தை செய்துகொடுத்த, கால்கள் குட்டையாக்கப்பட்ட மடக்கு நாற்காலியோடு வந்தார். கோடையில் கம்பளிச் சால்வை. வாசிக்கும் முன் கைகளை வெந்நீரில் ஊறவைத்தார். நான்கு நாள் வேலை. 1956இல் வெளியான அந்த இசைத்தட்டு அவரை உலகப் புகழுக்குக் கொண்டுபோனது.

எல்லோரும் அதன் வேகத்தைப் பேசினார்கள். நியாயம்தான். பாதிகளைத் திருப்பி வாசிக்கச் சொல்லும் பாக்கின் குறிகளை எல்லாம் விட்டுவிட்டு, மொத்தப் படைப்பையும் முப்பத்தெட்டரை நிமிடத்தில் முடித்துவிட்டார். ஆரியா 2 நிமிடம்கூட இல்லை. வேகமான வேரியேஷன்களில் விரல்கள் தெறிக்கின்றன. பெடலை மிதித்து ஒலியைக் குழைக்காமல், ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனி முத்தாக உதிர்க்கும் அந்தத் தொடுகைக்கு அதற்கு முன் பியானோவில் உதாரணம் அரிது.

இரண்டாவது பதிவு 1981, ஏப்ரல், மே மாதங்களில். மேடைக் கச்சேரிகளை 1964இலேயே விட்டுவிட்டு ஸ்டுடியோவை மட்டுமே வீடாக்கிக்கொண்ட மனிதர். அதே நாற்காலி, உட்காரும் இடத்தில் மெத்தை போய்ச் சட்டம் மட்டும் மிஞ்சியிருந்தது. இந்த முறை 51 நிமிடம். ஆரியா 3 நிமிடத்தைத் தாண்டுகிறது. கேனன்கள் உட்படச் சிலவற்றில் முதல் பாதியை மட்டும் திருப்பி வாசிக்கிறார். நீளத்துக்கு அதுவும் ஒரு காரணம். ஆனாலும் பொதுவான போக்கு தெளிவு: இளைஞன் ஓடினான், நடுவயதுக்காரர் நடக்கிறார். எல்லா ரசிகர்களும் அப்படித்தான் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

ஒருநாள் இரண்டு பதிவுகளின் 25ஆவதையும் கடிகாரத்தோடு கேட்டேன். 1981இன் வாசிப்பு 6 நிமிடம், சில விநாடிகள். 1955இன் வாசிப்பு ஏறக்குறைய ஆறரை நிமிடம். ஓடிக்கொண்டே இருந்த அந்த 22 வயது இளைஞன், இந்த ஓரிடத்தில் மட்டும் தன் முதிய வடிவத்தைவிட மெதுவாக வாசித்திருக்கிறான்.

என் தளர்ந்த மோட்டார் 1981இன் பதிவை நீட்டிக் கொண்டுபோய் நிறுத்திய நேரமும் ஏறக்குறைய அதே ஆறரை நிமிடம்தான்.

இதைவிட நல்ல பரிசோதனை எனக்குக் கிடைத்திருக்காது. ஒரே வேரியேஷன், ஒரே நீளம், ஒன்று இளைஞன் தேர்ந்த மெதுவேகம், மற்றது இயந்திரம் திணித்த மெதுவேகம். நேரத்தின் நீளம்தான் துயரத்தைத் தருகிறது என்றால், இரண்டும் ஒன்றுபோல ஒலித்திருக்க வேண்டும். துளியும் ஒலிக்கவில்லை.

1955இல் வலக்கை தயங்குகிறது. உச்சிச் சுரத்தை அடையும் முன் ஒரு மூச்சு நிறுத்துகிறது. இடக்கை வந்து விழுந்தபின் சற்றுத் தாமதமாக வலக்கை இறங்குகிறது. ஒரு வாக்கியம் முடியும் இடத்தில் வேகம் இன்னும் தளர்கிறது. ஒலி ஏறி இறங்குகிறது. அழகாக இருக்கிறது, நெஞ்சைப் பிடிக்கிறது. துயரப்படுகிற ஒருவரை நாம் பார்த்துக்கொண்டிருக்கிறோம். பிற்காலத்தில் கூல்டுக்கு இதுவே உறுத்தலாக இருந்தது. 1982இல் விமர்சகர் டிம் பேஜுடன் நடத்திய உரையாடலில் இந்தப் பழைய வாசிப்பைப் பற்றிப் பேசும்போது ஷோபினின் இரவுநேர இசைகள் பேச்சில் வந்தன. நூறு வருடம் பிந்திய ஒரு காலத்தின் உருக்கம் பாக்கின் பக்கத்துக்குள் நுழைந்துவிட்டது என்பது அவர் மனக்குறை.

1981இல் அடி தவறவே இல்லை. இடக்கை ஒரே நிதானத்தில் கீழே இறங்குகிறது. வலக்கை எவ்வளவு தாவினாலும் அதற்காகக் காத்திருப்பதில்லை. கார்வைகள் நீளவில்லை, குறையவும் இல்லை, எழுதியபடி நிற்கின்றன. பின்னணியில் கூல்ட் தன்னை மறந்து முனகுவது கேட்கிறது. விரல்களோ அந்த முனகலுக்கு இடம் கொடுப்பதில்லை. இங்கே துயரப்படுகிற ஆளைக் காணோம். துயரம் மட்டும் இருக்கிறது. நடை மாறாமல் போய்க்கொண்டே இருக்கும் அந்த இடக்கையைக் கேட்கும்போது, காலம் யாருக்காகவும் நிற்காது என்ற பழைய செய்தி, சொல்லே இல்லாமல் வந்து சேர்கிறது. 1955இல் என் கண் கலங்கும். 1981இல் கலங்குவதில்லை, உள்ளே ஏதோ அடங்கிப்போகிறது.

*

இந்த அடங்கலுக்கு ஒரு காரணம், 25ஆவது வேரியேஷனுக்கு வெளியே இருக்கிறது. முழுப் படைப்பின் அடியிலும் ஒரே நாடி ஓட வேண்டும் என்பது பிற்கால கூல்டின் கொள்கை. ஒரு வேரியேஷனின் அடி, அடுத்ததன் அடியோடு எளிய கணக்கில் பொருந்த வேண்டும். நமக்கு இது புதிதல்ல. தாளம் போடும் கை மாறாமல் இருக்க, பாட்டு மட்டும் கீழ்க்காலத்திலிருந்து மேல்காலத்துக்கும் திஸ்ரத்துக்கும் போய்த் திரும்புவதைக் கச்சேரியில் பார்த்திருக்கிறோம். கையை நம்பித்தான் பாட்டு பறக்கிறது. 1955இல் கூல்ட் 30 தனிச் சித்திரங்களை வரைந்தார்; ஒவ்வொன்றும் அற்புதம். 1981இல் ஒரே மூச்சில் போகும் ஒரே சித்திரம். அதனால்தான் கறுப்பு முத்து அதில் துருத்திக்கொண்டு நிற்பதில்லை. 24ஆவதின் அமைதியான கேனனிலிருந்து அதற்குள் இறங்குகிறோம். அது முடிந்த கணத்தில் 26ஆவது, ஜி மேஜரில், கைநிறைய அள்ளி வீசியதுபோலச் சிதறும் சுரங்களோடு ஜன்னலைத் திறக்கிறது. இந்த வெளிச்சத்துக்கு இவ்வளவு பிரகாசம் எங்கிருந்து வந்தது? சற்றுமுன் இருந்த இருட்டிலிருந்துதான். இருட்டு அந்த அளவுக்கு இருண்டதும், இரண்டு பக்கமும் 27 வேரியேஷன்கள் வெளிச்சமாக இருந்ததால்தான்.

காலப்பிரமாணத்தின் பங்கு, ஹார்ப்சிகார்டில் கேட்டபோது இன்னும் தெளிவானது. லாண்டோவ்ஸ்கா 1933இல் பாரிஸில் செய்த பதிவு, ஹார்ப்சிகார்டில் முழுப் படைப்பும் பதிவான முதல் முறை. தந்தியை இறகு மீட்டும் அந்த வாத்தியத்தில், அழுத்தி வாசித்தால் ஓங்கியும் மெல்ல வாசித்தால் தணிந்தும் ஒலிக்கும் வசதி கிடையாது. விரல் எப்படி விழுந்தாலும் சுரத்தின் பலம் ஏறக்குறைய ஒன்றுதான். உணர்ச்சியைக் காட்ட மிஞ்சியிருப்பது காலம் மட்டும்: எவ்வளவு நேரம் பிடிக்கிறோம், எப்போது விடுகிறோம், அடுத்ததை எத்தனை இமைப்பொழுது தள்ளி வைக்கிறோம். லாண்டோவ்ஸ்கா அதை வைத்துக்கொண்டே ஒரு ராஜ துக்கத்தை எழுப்புகிறார். பாக் மனத்தில் வைத்திருந்த வாத்தியத்தில் உணர்வின் மொழியே காலம்தான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. 1981இன் கூல்ட், பியானோவில் ஓங்கவும் தணியவும் எல்லா வசதியும் இருந்தும், அந்தச் சிக்கனத்தை நோக்கித்தான் நடந்திருக்கிறார்.

இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். பழைய முறையைப் பின்பற்றும் ஹார்ப்சிகார்ட் கலைஞர்கள் இன்று பொதுவாக, நவீன சுருதிக்கு அரைக் கட்டை கீழேதான் சுருதி கூட்டுகிறார்கள். அவர்கள் விரல் ஜியைத் தொடும்போது நம் ஹார்மோனியத்துக்கு அது நாலரை. பாக் காலத்தில் ஊருக்கு ஊர் சுருதியே வேறு. தேவாலய ஆர்கனுக்கு ஒன்று, அறையில் வாசிக்கும் வாத்தியங்களுக்கு ஒன்று. நாலரையில் கேட்டதால் நான் தவறான இசையைக் கேட்டுவிடவில்லை.

என் பழைய கேள்விக்கு விடை இதில்தான் இருந்தது. தளர்ந்த மோட்டார் எல்லாச் சுரத்தையும் ஒரே அளவில் இறக்கியது. எல்லாக் கார்வையையும் ஒரே விகிதத்தில் நீட்டியது. ஒரு சுரத்துக்கும் அடுத்ததற்கும் உள்ள தூரம் மாறவில்லை. ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் உள்ள உறவு மாறவில்லை. மேஜருக்கும் மைனருக்கும் நடுவிலிருந்த அந்த ஒரு காந்தாரத்தின் வித்தியாசம் மாறவில்லை. அந்த உறவுகளில்தான் துயரம் குடியிருந்தது. அதனால் பத்திரமாக என்னிடம் வந்து சேர்ந்தது. சுருதி இது, வேகம் இது என்று உறையில் எழுதிவிடலாம். மனநிலையை எழுத முடியாது. அது இரண்டுக்கும் இடையில், பின்னதோடு முன்னது கொள்ளும் பொருத்தத்தில் இருக்கிறது.

*

கேசட்டும் டேப் ரிக்கார்டரும் போய் வெகுகாலம் ஆகிவிட்டது. இப்போது 1981இன் பதிவைச் சரியான சுருதியில், ஐந்து கட்டையில் கேட்கிறேன். இரவில்தான். 25 முடிகிறது, ஜன்னல் திறக்கிறது, 28, 29இல் சுரங்கள் வெள்ளமாகப் பெருகுகின்றன, 30இல் பாக் இரண்டு நாட்டுப்புறப் பாடல்களைக் கூடத்தில் குடும்பத்தார் சேர்ந்து பாடுவதுபோலப் பின்னிவைத்திருக்கிறார். பிறகு ஆரியா திரும்புகிறது.

பாக் இதற்காகப் புதிதாக ஒரு சுரமும் எழுதவில்லை. தொடக்கத்துக்குப் போய் மறுபடி வாசி என்பதே ஏற்பாடு. அதே 32 ஆவர்த்தனம், அதே ஜி மேஜர், அதே பியானோ, அதே கை. தொடக்கத்தில் 3 நிமிடம் சொச்சம் எடுத்த ஆரியாவுக்கு, கூல்ட் இப்போது மூன்றரை நிமிடத்துக்கும் மேல் எடுத்துக்கொள்கிறார். ஒவ்வொரு சுரமும் விலகுவதற்கு முன் திரும்பிப் பார்த்துவிட்டுப் போகிறது. அந்த இசைத்தட்டு வெளியாகிச் சில வாரங்களுக்குள், 1982 அக்டோபர் 4 அன்று, 50 வயது முடிந்த ஒன்பதாவது நாளில், அவர் இறந்துபோனார். டொரன்டோவில் அவர் கல்லறைக் கல்லில் இந்த ஆரியாவின் தொடக்கச் சுரங்களைச் செதுக்கியிருக்கிறார்கள்.

ஆரியா மெதுவாகும் அந்த இடத்தில் என் கை இப்போதும் பழக்கத்தில் ஒருகணம் எழும், மெஷின் இழுக்கிறதோ என்று பார்க்க. சுருதி ஐந்து கட்டையில் அசையாமல் நிற்கிறது. கையைத் தாழ்த்திவிட்டு, கடைசிச் சுரம் அடங்கும்வரை கேட்கிறேன்.